வயதை விற்காதீர்கள்

கொழும்புக் கொட்டாஞ்சேனைத் தம்பிமாரே, தங்கச்சிமாரே, உங்களைப் பெற்றவர்களே, முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு அவுஸ்திரேலியாவின் வேலை விடுமுறை விசா கிடையாது. வயது 19 ஆனாலும் 29 ஆனாலும் கிடையாது. நியூசிலாந்தின் அதே வகை விசாவும் இல்லை. பிரித்தானியாவின் இளைஞர் பரிமாற்ற விசாவும் இல்லை, கனடாவின் சர்வதேச அனுபவத் திட்டமும் இல்லை. இந்த நான்கு நாடுகளின் பட்டியல்களில் எதிலும் இலங்கையின் பெயர் இல்லை. ஆகவே, "வயது 30க்குள் என்றால் போதும், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஒருவர் உங்களிடம் முற்பணம் கேட்டால், அவர் இல்லாத ஒரு பொருளுக்கு விலை சொல்கிறார். "வயது 30ஐத் தாண்டிவிட்டதா, அதையும் சரிசெய்து தருகிறோம்" என்று சொன்னால், அவர் உங்களைக் குற்றத்துக்குள் இழுக்கிறார். கையெழுத்துப் போடாதீர்கள். காசு கொடுக்காதீர்கள். எழுந்து வந்துவிடுங்கள்.

இந்தப் பேச்சு நம் ஊரில் ஏன் இவ்வளவு எளிதாக எடுபடுகிறது? அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. பொதுநலவாய நாடுகளின் இளையோருக்குப் பிரித்தானியா முன்னர் ஒரு வேலை விடுமுறைத் திட்டம் வைத்திருந்தது. அதில் நம்மவர்களும் விண்ணப்பிக்க முடிந்தது. வயதெல்லை 17 முதல் 27 வரை இருந்து, 2003இல் 30 ஆக உயர்ந்தது. 2008 நவம்பரில் அந்தத் திட்டத்தை மூடிவிட்டு, குறிப்பிட்ட சில நாடுகளுக்கு மட்டும் புதிய திட்டம் கொண்டுவந்தார்கள். அந்தப் பழைய கதவால் போனவர்கள் இன்றும் லண்டனில் இருக்கிறார்கள். "என்ர மச்சான் அப்பிடித்தான் போனவன்" என்று யாராவது சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கதவு மூடிப் பதினைந்து வருடங்களுக்கு மேலாகிவிட்டது.

இரண்டாவது காரணம் பக்கத்து நாடு. இந்தியாவும் அவுஸ்திரேலியாவும் 2022இல் ஒரு வர்த்தக உடன்படிக்கை செய்தன. அதன் பலனாக இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் 18 முதல் 30 வயது வரையானவர்களுக்கு வருடம் 1,000 இடங்கள் கிடைத்தன. 2024 ஒக்டோபரில் முதலாவது குலுக்கல் பதிவு திறந்தபோது, இரண்டு கிழமைக்குள் ஏறத்தாழ 40,000 பேர் பதிந்ததாக அவுஸ்திரேலிய அரசே சொன்னது. சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் தமிழில் போட்ட காணொளிகள் நம் பிள்ளைகளின் தொலைபேசிக்கும் வந்து சேர்ந்தன. பேசுகிறவர் தமிழர், பேசுவது தமிழ், சொல்வதும் பொய்யில்லை. ஆனால் அது வேறொரு கடவுச்சீட்டுக்கு உரிய செய்தி. அந்தக் காணொளியைக் காட்டி இங்கே ஒருவர் காசு வாங்கினால், உண்மையைப் பிடித்துக்கொண்டே பொய் விற்கிறார் என்று அர்த்தம்.

இந்த விசா எப்படிப்பட்டது என்பதையும் விளங்கிக்கொள்ளுங்கள். 1975இல் அவுஸ்திரேலியா இதைத் தொடங்கியது. ஒரு நாட்டின் இளையோர் இன்னொரு நாட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும், செலவுக்குக் கொஞ்சம் உழைக்கலாம், பிறகு ஊர் திரும்ப வேண்டும் என்பதே அதன் நோக்கம். இரண்டு அரசுகள் ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ளும் சலுகை இது. அதனால்தான் கடவுச்சீட்டு முதலில் வருகிறது, வயது அடுத்துத்தான். இந்தியா உள்ள பிரிவில் விண்ணப்பம் போடும் நாளில் 18 நிரம்பியிருக்க வேண்டும், 31ஆவது பிறந்தநாள் வந்திருக்கக் கூடாது. பொதுவாக உயர்கல்வியில் இரண்டு வருடமாவது படித்திருக்க வேண்டும். ஓரளவு ஆங்கிலம் வேண்டும். கையில் 5,000 அவுஸ்திரேலிய டொலர் அளவு சேமிப்பும் திரும்பி வரப் பயணச் செலவும் இருக்க வேண்டும். முதல் விசா 12 மாதம். ஒரே முதலாளியிடம் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது. அரசுக் கட்டணம் ஆயிரம் டொலருக்கும் குறைவு. குடும்பத்தோடு போய்க் குடியேறுகிற வழி இதில் இல்லை. இதைத்தான் நம் தெருக்களில் "போனால் பீ.ஆர். நிச்சயம்", அதாவது நிரந்தர வதிவிடம் நிச்சயம் என்று சொல்லிப் பல லட்சத்துக்கு விற்கிறார்கள்.

இனி வயதைப் பற்றிப் பேசுவோம். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் தேசிய அடையாள அட்டையை வெளியே எடுங்கள். புதிய 12 இலக்க அட்டை என்றால் முதல் நான்கு இலக்கம் நீங்கள் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாளில் பிறந்தீர்கள் என்பது. பெண் என்றால் அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். 1992 ஜனவரி முதலாம் திகதி பிறந்த தம்பியின் எண் 1992001 என்று தொடங்கும், அதே நாளில் பிறந்த தங்கச்சியின் எண் 1992501 என்று தொடங்கும். பழைய ஒன்பது இலக்க அட்டையிலும் இதே கணக்குத்தான், வருடத்துக்கு மட்டும் இரண்டு இலக்கம். இந்த எண்ணைத்தான் வங்கியில் கொடுத்திருக்கிறீர்கள், சிம் எடுக்கக் கொடுத்திருக்கிறீர்கள், ஊழியர் சேமலாப நிதிக்குக் கொடுத்திருக்கிறீர்கள், கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறீர்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், சாதாரண தரப் பெறுபேறு, தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவு என்று இன்னும் பல இடங்களில் உங்கள் பிறந்த திகதி இருக்கிறது. 2015 முதல் கடவுச்சீட்டு எடுக்கும்போது விரலடையாளமும் வாங்குகிறார்கள். 33 வயதை 29 ஆக்கித் தருகிறேன் என்கிறவர் இத்தனை பதிவையும் மாற்ற முடியாது. ஒரு தாளை மாற்றி, மற்றவை எல்லாம் உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல விட்டுவிடுகிறார்.

பிடிபட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லமாட்டார், நான் சொல்கிறேன். பொய்ப் பத்திரம் கொடுத்து அவுஸ்திரேலிய விசா மறுக்கப்பட்டால் மூன்று வருடம் வேறு விசாக்களுக்கும் தடை விழும். யார் என்பதையே மறைத்ததாக முடிவானால் பத்து வருடம். கனடாவில் உண்மைக்கு மாறாகச் சொன்னதற்கு ஐந்து வருடத் தடை. பிரித்தானியாவில் ஏமாற்றுக்குப் பத்து வருடம் வரை. அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளும் விரலடையாளத் தகவல்களைத் தங்களுக்குள் ஒப்பிட்டுப் பார்க்கின்றன. ஒரு நாட்டில் பதிந்த பொய் மற்ற நாட்டுக் கதவிலும் முன்னால் வந்து நிற்கும். "ஏஜென்ட்தான் நிரப்பினவர், எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்புவது மிகவும் கடினம், ஏனெனில் விண்ணப்பத்தில் இருப்பது உங்கள் பெயர்.

பிடிபடாமல் போனால்? அப்போதும் பொய்க்கு விலை உண்டு. பழைய காலத்தில் ஐரோப்பாவுக்குப் போனவர்களில் வயதைக் குறைத்துப் பதிந்தவர்கள் உண்டு. அன்று அது உயிர் தப்பும் அவசரம், அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஐந்து வயது குறைத்துப் பதிந்தவர் ஓய்வூதியத்துக்கு ஐந்து வருடம் பிந்தித்தான் வருவார். முழங்கால் தேய்ந்த பிறகும் கணக்குப்படி அவர் இன்னும் வேலைக்குரிய வயதுக்காரர். தம்பிக்கு அண்ணனாக இருந்தவர் தாளில் தம்பியாகிவிடுவார். கலியாணப் பதிவு, பிள்ளையின் பதிவு, ஊரில் தாய்தகப்பனின் காணி உறுதி என்று ஒவ்வொரு இடத்திலும் அந்தப் பொய்யை மறுபடி மறுபடி சொல்ல வேண்டும். உயிருக்கு அஞ்சி ஓடாத நீங்கள் அந்தப் பாரத்தை ஏன் விலை கொடுத்து வாங்குகிறீர்கள்?

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. ஏமாற்றுக்காரர் உங்களிடமிருந்து கொண்டுபோவதில் காசு சின்னப் பங்கு. அடகு வைத்த சங்கிலியை உழைத்து மீட்கலாம். கொண்டுபோன வயதை எந்த நீதிமன்றமும் வாங்கித் தராது. "அடுத்த மாதம் வரும்", "எம்பஸியில் கொஞ்சம் இழுபடுது", "இன்னொரு ரெண்டு லட்சம் கட்டினால் ஃபைல் நகரும்" என்று 24 வயதில் தொடங்கிய காத்திருப்பு 28இல் முடிகிறது. அந்த நான்கு வருடத்தில் காத்திருக்கும் பிள்ளை வேலைக்குப் போவதில்லை, "எப்பவும் விசா வந்திடும்" என்பதால். படிப்பதில்லை, கலியாணம் பேசுவதில்லை. கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை லொட்ஜுகளில் இப்படிக் காத்திருந்தே இளமை கழிந்தவர்களை இந்த ஊர் நன்றாக அறியும். 2007 ஜூனில் அந்த லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களைத் தகுந்த காரணமில்லாமல் கொழும்பில் இருக்கிறார்கள் என்று பொலிசார் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டுத் தடுத்தது. அப்படி அனுப்பப்பட்டவர்களில் வெளிநாட்டுப் பயணத்துக்காகக் காத்திருந்தவர்களும் இருந்தார்கள். போர் முடிந்து எவ்வளவோ காலமாகிவிட்டது, காத்திருக்க வைக்கும் தொழில் மட்டும் முடியவில்லை.

நேர்வழிகளிலும் வயது எண்ணப்படுகிறது என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். தென்கொரிய அரசின் வேலை அனுமதித் திட்டத்துக்கு வயது 18 முதல் 39 வரை. அதில் தனியார் ஏஜென்ட் கிடையாது, கொரிய மொழிப் பரீட்சையும் ஆட்சேர்ப்பும் அரசு வழியே நடக்கின்றன. அவுஸ்திரேலியாவின் புள்ளி முறைத் தொழில் விசாவில் 25 முதல் 32 வயது வரைதான் வயதுக்கான அதிகபட்சப் புள்ளி, 30. நாற்பதிலிருந்து அது 15 ஆகிறது, 45 வந்தால் விண்ணப்பிக்கவே முடியாது. கனடாவின் புள்ளி முறையில் 20 முதல் 29 வயதுக்கே உயர்ந்த மதிப்பு, முப்பதிலிருந்து வருடா வருடம் குறையும், 45இல் பூச்சியம். இல்லாத விசாவுக்காக நான்கு வருடம் காத்திருந்தவன், இருக்கிற விசாவுக்கு வேண்டிய புள்ளியையும் சேர்த்து இழக்கிறான்.

நாடு போன போக்கு எனக்குத் தெரியாததல்ல. 2022இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து வேலைக்குப் போனவர்கள் மட்டும் 3 லட்சத்துக்கு மேல். அதே வருடம் நவம்பரில் 303 இலங்கையர்கள் ஏறிய ஒரு படகு நடுக்கடலில் பழுதாகித் தத்தளித்தது. ஜப்பானியக் கப்பல் ஒன்று அவர்களை மீட்டு வியட்நாமில் இறக்கியது. நல்ல வேலை என்று நம்பி விமானம் ஏறிய வேறு இளைஞர்கள் மியன்மார் எல்லையில் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டார்கள். இவர்களுக்கு ஆசை காட்டியவர்களும் ஒரு மேசைக்கு அப்பால் உட்கார்ந்து, "பயப்படாதீங்கோ" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

இப்போது அந்த மேசைக்கு அப்பால் இருப்பவர்களோடு பேச வேண்டும். ஜம்பட்டா வீதியிலோ செட்டியார் தெருவுக்குப் பக்கத்திலோ வெள்ளவத்தையில் காலி வீதியிலோ கதவு திறந்து வைத்திருக்கும் ஐயா, அம்மா, நீங்கள் வெளியூர்க்காரர் அல்ல. எங்கள் கோவில் தேரிலும் அந்தோனியார் திருவிழாவிலும் எங்களோடு நிற்பவர்கள். உங்கள் கடை வியாபாரமாகப் பதிவாகியிருக்கலாம். வியாபாரப் பதிவு வேறு, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேறு. "நாங்கள் வேலைக்கு அனுப்புவதில்லை, விசா ஆலோசனை மட்டும்தான்" என்று சொல்லிச் சட்டத்தின் ஓரத்தால் நழுவலாம். ஆனால் இலங்கைக்கு இல்லாத விசாவுக்கு முற்பணம் வாங்குகிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்தே வாங்கும் அந்தக் காசில் ஒரு தாயின் தாலிக்கொடி இருக்கிறது, மட்டக்களப்பில் ஈடு வைத்த வயல் இருக்கிறது, அட்டனில் ஒரு குடும்பம் கட்டிய சீட்டுக்காசு இருக்கிறது. திருப்பிக் கொடுங்கள். "ப்ரொசெசிங் செலவு கழித்து" என்று பேசாதீர்கள். நடக்காத வேலைக்குச் செலவு ஏது? முழுக் காசையும் இந்த மாதமே கொடுங்கள்.

இந்தத் தொழிலுக்குக் கைகொடுக்கும் சின்ன ஆட்களும் கேட்க வேண்டும். வங்கிக் கணக்குக் கூற்றைக் கணினியில் திருத்தி அச்செடுத்துக் கொடுக்கும் கொமினிகேசன் கடைக்காரத் தம்பி, ஒரு பக்கத்துக்குச் சில நூறு ரூபாய் வாங்கும் உனக்கு அது சின்ன உதவியாகத் தெரியலாம். வங்கிக் கணக்கில் காட்டுவதற்கு மூன்று நாளைக்கு "ஷோ மணி" போட்டு வட்டி எடுப்பவரே, செய்யாத வேலைக்குச் சேவைக் கடிதம் எழுதிக் கொடுக்கும் முதலாளியே, மூலப்பத்திரம் பார்க்காமல் பிரதியில் முத்திரை குத்தும் சமாதான நீதவானே, நீங்கள் ஒவ்வொருவரும் அறுக்கும் வாளின் ஒரு பல்லைக் கூராக்கிக் கொடுக்க, அந்த வாள் ஒரு பிள்ளையின் பத்து வருடத்தை அறுக்கிறது. "இல்லை, இது செய்யமாட்டேன்" என்று சொல்லப் பழகுங்கள். அதனால் உங்கள் கடை மூடிவிடாது.

பெற்றவர்களே, உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். "பக்கத்து வீட்டுப் பெடியன் போயிட்டான், நீ மட்டும் இஞ்சையே நிக்கிறாய்" என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் சொல்லாதீர்கள். அந்தச் சொல்தான் பல பிள்ளைகளை ஏஜென்டின் கதவுக்குத் தள்ளுகிறது. மூத்தவனின் பிறப்புப் பத்திரத்தை இளையவனின் பெயரில் ஓட்டலாமா, அண்ணன் கடவுச்சீட்டில் தம்பியை அனுப்பலாமா என்று வீட்டுக்குள் யோசனை எழும்போது, அதை முதலில் மறுக்க வேண்டியவர்கள் நீங்கள். பொய் சொல்லாதே என்று நீங்கள் வளர்த்த பிள்ளைக்கு, தன் பிறந்த நாளையே மாற்றிச் சொல்லக் கற்றுக் கொடுக்காதீர்கள்.

வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பாமாரே, மாமிமாரே, உங்களுக்கும் கடமை உண்டு. பாரிஸில் பிறந்த உங்கள் மகள் பிரெஞ்சுக் கடவுச்சீட்டோடு 35 வயது வரை இதே அவுஸ்திரேலிய விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். கனடாக் கடவுச்சீட்டு உள்ள மகனுக்கும் பிரித்தானியக் கடவுச்சீட்டு உள்ளவனுக்கும் அப்படித்தான். அவள் சிட்னியில் எடுத்த படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடும்போது, கொட்டாஞ்சேனையில் இருக்கும் மச்சானுக்கு அந்த வழி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "ஒரு ஆள் இருக்கிறார், காசை நான் அனுப்புறன்" என்று தொலைபேசியில் சொல்வதற்கு முன், அந்த நாட்டு அரசின் இணையத்தளத்தில் பத்து நிமிடம் செலவழித்துப் படியுங்கள். கனடாவில் குடிவரவு ஆலோசனைக்குக் காசு வாங்குவதற்கு வழக்கறிஞர், உரிமம் பெற்ற ஆலோசகர் போன்ற அங்கீகாரம் பெற்றவராக இருக்க வேண்டும் என்பது சட்டம். நீங்கள் சொல்லும் "ஆள்" அந்தப் பட்டியலில் இருக்கிறாரா?

ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள். ஒருத்திக்கு 35 வயது வரை கதவு திறந்திருக்கிறது, மற்றவனுக்கு எந்த வயதிலும் இல்லை. இது நியாயமா என்று நீங்கள் கேட்டால், நியாயமில்லை என்றுதான் நானும் சொல்வேன். பிறந்த இடத்தை வைத்து உலகம் இளைஞர்களைப் பிரிக்கிறது. ஆனால் அந்த அநியாயத்தைத் திருத்துவதற்கு ஒரு வழி இருக்கிறது. இந்தியாவுக்கு அந்த 1,000 இடமும் பேச்சுவார்த்தையால் வந்தது. நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் வாக்குக் கேட்டு வரும்போது, கோவில் மண்டபத்தில் மாலை போடுவதற்கு முன் இதைக் கேளுங்கள். எங்கள் இளையோருக்கு அப்படியொரு உடன்படிக்கை பேச நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பொய்ப் பத்திரத்தோடு பிடிபடும் ஒவ்வொரு ஆளும் அந்தப் பேச்சுவார்த்தையின் வாசலை இன்னும் இறுக்கிப் பூட்டுகிறார். பின்னால் நேர்மையாக விண்ணப்பிக்கும் தங்கச்சியின் கோப்பையும் அதே சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார்கள்.

தம்பி, தங்கச்சி, இந்தக் கிழமையே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். யாரிடமாவது காசு கட்டியிருந்தால், எந்த விசா, எந்தப் பிரிவு, இலங்கையின் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று எழுத்தில் கேள். பற்றுச்சீட்டு இல்லையென்றால் கேட்டு வாங்கு. வாட்ஸ்அப் பேச்சுகளை அழித்துவிடாதே. வேலைக்கு அனுப்புவதாகச் சொன்னவர் என்றால் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு எடுத்து அவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பார். ஏமாந்துவிட்டாய் என்று தெரிந்தால் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ளாதே. முறைப்பாடு செய். நீ வாய் மூடினால் அதே கதிரையில் நாளைக்கு உன் நண்பன் போய் உட்காருவான்.

பிறகு உன் உண்மையான வயதை எடுத்துக்கொண்டு கணக்குப் பார். இருபத்திரண்டா? தொழிற்பயிற்சிச் சான்றிதழுக்கு நேரம் இருக்கிறது, மின்னிணைப்போ ஒட்டுவேலையோ தாதிமையோ கற்று அனுபவம் சேர்க்க நேரம் இருக்கிறது. இருபத்தெட்டா? கொரிய மொழி வகுப்புக்கோ, சிறப்புத் திறன் தொழிலாளர் விசாவுக்கான ஜப்பானிய மொழி வகுப்புக்கோ, ஆங்கிலத்துக்கோ இந்த மாதமே சேர். முப்பத்தாறா? எந்த வழி இன்னும் திறந்திருக்கிறது என்று அரசின் தளத்தில் பார், திறந்திராத வழிக்கு ஒரு சதமும் கொடுக்காதே. இங்கேயே நின்று உழைப்பதும் தோல்வியல்ல, யார் என்ன சொன்னாலும்.

போகிறவர்கள் போகட்டும். சொந்தப் பெயரோடும் சொந்தப் பிறந்த திகதியோடும் போகட்டும். அப்படிப் போக முடியாத பயணத்துக்கு இன்றைக்கே "வேண்டாம்" என்று சொல்லுங்கள். வாங்கியவர்கள் காசைத் திருப்பிக் கொடுங்கள், கொடுத்தவர்கள் திருப்பிக் கேளுங்கள், அறிந்தவர்கள் அறியாதவருக்குச் சொல்லுங்கள்.